லொறியின் பின்னால் நின்றவன்

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அன்று வான் ஓட்டியவன் நான். பக்கத்தில் இருந்தவள் என் மனைவி கிறிஸ்டின். இரண்டு பேருமே கண்ணால் கண்டோம்.

தொண்ணூற்றேழு, மார்கழி. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை இருட்டு. ஆறு மணிக்குச் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள். கண்ணிவெடிப் பயத்தில் அப்போதெல்லாம் முன்னால் பெரிய லொறி ஒன்று அகப்பட்டால் அதன் ரயர்த் தடத்திலேயே ஒட்டிப் போவோம். அது தப்பினால் நாங்களும் தப்பலாம் என்ற நினைப்பு.

கப்பல்துறைக்குக் கிட்ட ஒரு பச்சை லொறி அகப்பட்டது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேணாட்டின் லொறி! கிறிஸ்டினை முதலில் பெண் கேட்டவன் அவன். அவளும் ஓம் என்றவள்தான். வீட்டார் மறுத்ததால்தான் அவள் எனக்குக் கிடைத்தாள்.

அவள் கண்ணை எடுக்காமல் அந்த லொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஆசை இன்னும் விடேல்லையோ?"

"அவர் பின்னாலை நிக்கிறார்... கை காட்டுறார்."

பார்த்தேன். கிளீனர் நிற்கும் இடத்தில் பேணாட். கிட்ட வராதே என்று கையை அசைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வழி விடமாட்டாராம் துரை! அக்சிலேற்றரை மிதித்தேன்.

"கிட்டப் போகாதேங்கோ!"

இன்னும் மிதித்தேன். பிறகுதான் உறைத்தது. அவன் பின்னால் நின்றால்... லொறியை ஓட்டுவது யார்?

கீழே பார்த்தேன். செம்மண் சேறு. ரயர்த் தடமே இல்லை.

எஞ்சின் சத்தமும் இல்லை... மழை மட்டும்.

மதகு வந்தது. அவன் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

பிறேக்கை மிதித்தேன்.

லொறி மதகில் ஏறியது... காணவில்லை.

"யன்ன எபா! யன்ன எபா!"

போகவேண்டாம் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு காட்டுக்குள்ளிருந்து ஆமிக்காரர் இருவர் ஓடிவந்தார்கள். மதகின் கீழே கண்ணிவெடியாம். லொறியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் வானைத் தவிர வேறு வாகனம் வரவில்லை என்றார்கள்.

அன்றிரவு கப்பல்துறையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் உப்புவெளிக்கு வந்தால், எங்கள் வீட்டு வாசல் படலையில் பேணாட்டின் தம்பி றொபேட் நின்றான்.

"அண்ணை முடிஞ்சுபோனார். நேற்றுக் காலமை, தோப்பூர்ப் பக்கம். ஆமி ட்றக்குக்குப் பின்னாலை ஒட்டிப் போனவர்... ட்றக் கண்ணிவெடியிலை மாட்ட, அதோடை இவரும்..."

கிறிஸ்டின் படலையைப் பிடித்தபடி அழுதாள். என்னால் அழாதே என்று சொல்ல ஏலவில்லை. வானை ஓட்டியவன் நான். அவளைக் காப்பாற்றியவன் அவன். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் இல்லாமல் நான் தனியே வந்திருந்தால், அவன் கை காட்டியிருப்பானா?