மாநாட்டுத் திரையில் என் ஒட்டு

சாலை மாநாட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது முதலாளிதான். நான் ரோட்டுக் குழி அடைக்கும் ஆட்களுக்கு சூப்பர்வைசர். தினமும் கிள்ளானிலிருந்து லோரியில் கிளம்பி, வெயிலில் வெந்து, கார்க்காரர்களிடம் ஏச்சு வாங்குகிறவள். எனக்கு எதற்கு ஏர்கோன் மண்டபமும் கழுத்தில் அட்டையும்? "வாங்கக்கா, சாப்பாடு நல்லா இருக்கும்லா" என்றார். சரி, போனேன்.

ஓடும் வண்டியிலிருந்தே குழியைக் கண்டுபிடிக்கும் கேமரா பற்றி ஓர் இன்ஜினியர் அம்மா பேசினார். எங்கள் அடுத்த குத்தகை அவர் கையில் இருந்ததால் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு படம் வந்தது. "மோசமான வேலைக்கு இது உதாரணம்." ஓரம் வெட்டாமல், கோணல்மாணலாகப் புடைத்துக்கொண்டு ஓர் ஒட்டு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் பார்க்கிறேன், ஓரத்தில் கம்பி உடைந்த பச்சைக் குடை. அட கடவுளே, பிரிக்பீல்ட்ஸ் ரோட்டோரப் பூக்கடைக் குடை! நான் போட்ட ஒட்டு!

முதலாளி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அக்கா, குத்தகை போயிடும். வாயத் திறக்காதீங்க" என்று பல்லைக் கடித்தார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். வாயை மூடு என்றால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். எழுந்துவிட்டேன். பேசியது மலாயில், நினைத்தது தமிழில்.

"அது நான் போட்டது மேடம். அன்னைக்குச் சாயங்காலம் கோயில் ரதம் அந்த வழியா வரணும். மழையில குழி விழுந்துடுச்சு. வெட்டி, காயவெச்சுப் போட ஏது நேரம்? சக்கரம் இறங்கிடக் கூடாதுன்னு லோரியில இருந்த பிரிமிக்ஸ் தார்க்கலவையக் கொட்டி அமுக்கிட்டோம். ஒரே ஒரு நாளைக்குத்தான்."

"எப்போ போட்டீங்க?"

"மூணு வருஷமாச்சு."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். "இந்தப் படம் நான் போன மாசம் எடுத்தது. ஒரு நாள் ஒட்டு இன்னும் அப்படியே நிக்குது!" மண்டபமே கை தட்டியது. அவரும் சிரித்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்து, மழைக்கால வேலை பற்றி என்னிடம் நிறையக் கேட்டார். முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் இரண்டாவது தட்டு பிரியாணி வாங்கினேன். வெட்கம் என்ன வெட்கம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. நாளைக்கே வந்து ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்று பூக்கடை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு லோரி ஏறினேன். அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் ஆட்களோடு போய் இறங்கினேன். ஓரத்தை நேராக வெட்டிப் பழையதைத் தோண்டினோம். சனியன், லேசில் வரவில்லை. சத்தம் கேட்டு அந்த அக்கா பச்சைக் குடைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் பாதி கட்டிய மல்லிகைச் சரம்.

"வாங்கக்கா, நாளைக்கு வரேன்னீங்களே, விடிஞ்சிடுச்சா?"