மா வேறு, மாவு வேறு

எங்கள் நிறுவனம் அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. அலுவலகம் சென்னையில், நான் திருவாரூரில், வீட்டு மாடி அறையில். மாடி அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. ஊரிலிருந்தே வேலை செய்ய எனக்குத் தற்காலிக அனுமதிதான். கையிலிருக்கும் வேலையைத் தப்பில்லாமல் முடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த வேலை ஒரு பெயர் மாற்றம். பழைய நிரலில் எங்கு பார்த்தாலும் ‘மா’ என்றொரு ஃபங்ஷன், அதாவது அடைப்புக்குறிக்குள் கொடுப்பதை வைத்துக் கணக்குப் போட்டுத் தரும் துண்டு. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

“மாவு அரைக்கிற கணக்குதானேங்க அது? எல்லாத்தையும் மாவுன்னு மாத்திடுங்க” என்றார் மேனேஜர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், பாதி இடத்துல அது நிலம். எங்க பக்கம் வயலை மா கணக்குலதான் சொல்வோம். நூறு குழி ஒரு மா.”

ஆலைக்கு நெல் கொடுக்கும் விவசாயிகளின் நிலக் கணக்கும் அதே மென்பொருளில்தான் இருந்தது. அவர் சொன்னபடி செய்திருந்தால் மூன்று மா வயல் மூன்று கிலோ மாவாகியிருக்கும்.

சாதாரணத் தேடலை நம்பினால் ‘அம்மா’விலும் மா அகப்படும். அதனால் நிரலின் வடிவத்தைப் பார்க்கும் விதிகளை எழுதினேன். அடைப்புக்குறிக்குள் குழி போனால் அது நிலம், பெயரை ‘நிலமா’ ஆக்கு. கிலோ போனால் மாவு. இரண்டும் தெரியாவிட்டால் கை வைக்காதே, என்னிடம் காட்டு. இந்தக் கடைசி விதிதான் என் கெட்டிக்காரத்தனம் என்று இன்றும் பீற்றிக்கொள்வேன். அது காட்டிய இடங்களை நானே உட்கார்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் உள்ளே வெறும் ‘அளவு’ என்றிருந்தது. மேல் வரியில் நடவு, கீழ் வரியில் அறுப்பு. நிலமேதான்.

விதிகளை ஓட்டினேன். பழைய கணக்குகளைப் புதிய நிரலில் போட்டுப் பார்த்தபோது ஒன்றுகூடப் பிசகவில்லை. மேனேஜருக்குப் போன் செய்து சொன்னேன். “நீங்க அங்கயே இருங்க. நெல் சம்பந்தமா யார் எதைத் தொட்டாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் தொடணும்னு டீம்ல சொல்லிட்டேன்” என்றார்.

பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் மகளுக்கு உள்ளூர்ப் பள்ளிச் சீருடைத் துணி எடுத்தேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொன்னேன்.