மூன்றாவது குவியல்

பாம்பனுக்குக் கிழக்கே மாதா கோயில் கரையில் நிற்கிறேன். உச்சி வெயில். இப்போதுதான் கரையேறிய வத்தைப் படகிலிருந்து மீனை இறக்கி மூன்று குவியலாகப் பிரிக்கிறார்கள். ஒன்றைக் கோயில் உபதேசியார் கூடையில் அள்ளிப் போகிறார். பெரியதைப் பெண்கள் எடுக்கிறார்கள். மூன்றாவது மணலிலேயே கிடக்கிறது.

கூடை தூக்கும் பெண்ணிடம், "இது யாருக்கும்மா?" என்கிறேன்.

"அரமனைக்கு. கரை அவுகளதுல்ல?"

"ஜமீனைத்தான் ஒழிச்சாச்சே. யார் வந்து எடுப்பா?"

"யாரும் வாரதில்ல. வச்சுட்டுப் போயிருவோம்."

நான் சரித்திர வாத்தியார். அந்தக் கால ஐரோப்பாவில் விளைச்சலில் பிரபுவுக்கு ஒரு பங்கு, தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று என்று கரும்பலகையில் எழுதி, எல்லாம் முடிந்துபோன கதை என்று அழிப்பவன். இங்கே குவியலைச் சுற்றிக் காக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூடக் கொத்தவில்லை.

எனக்கு எரிச்சல் வருகிறது. குனிந்து, மேலே கிடக்கும் சீலா மீனை வாலைப் பிடித்துத் தூக்குகிறேன்.

ஆண்கள் ஒவ்வொருவராகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிறார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் முகம் நிமிராமல் கேட்கிறார்: "அய்யா அரமனையில இருந்தா வாரீக?"

"இல்லை, இல்லை." மீனைப் போட்டுவிட்டு ரயில் ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடக்கிறேன். யாரும் துண்டை அவிழ்க்கவில்லை.

பின்னால் மணலில் காலடி கேட்கிறது. திரும்புகிறேன். மூன்றாவது குவியலைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் பத்தடி தள்ளி வந்துகொண்டிருக்கிறாள். நான் நின்றால் அவளும் நிற்கிறாள்.