வால் வைத்த ரகரம்

எங்கள் ஊரில் அவரை எல்லோரும் தலைமையாசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் மனிதர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மாதா கோயிலின் பங்குப் பேரவைக்கு அவர்தான் செயலாளர். கோயிலில் ஒரு பூ ஜாடியை நகர்த்துவதாக இருந்தாலும் அவரைக் கேட்க வேண்டும்.

நான் அதே கோயிலில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டு வரிகளை டிவியில் ஓட்டுவது என் வேலை. ஜனங்கள் பார்க்கத் தூணில் ஒரு டிவி, பீடத்தில் நிற்பவர்கள் பார்க்கப் பின்சுவரில் ஒரு டிவி.

என் அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். நான் பிறந்தபோது என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, புருஷன் சாவு. படித்த கொஞ்ச எழுத்தும் மறந்துபோயிற்று. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுடி" என்று உட்கார்ந்தாள். காரணம் கேட்டேன். "எம் பொண்ணு கல்யாணத்துல மன்றாட்டு நான்தான் வாசிக்கணும்" என்றாள்.

பெண்ணுக்கு அப்போது வரன்கூடப் பார்க்கவில்லை. மன்றாட்டு என்பது பூசை நடுவில் வீட்டார் யாராவது எழுந்து போய் வாசிக்கிற வேண்டுதல். எங்கள் பக்கம் அதைப் பெண்ணின் அப்பா வாசிப்பார். அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பனோ மாமனோ வாசிப்பான். அந்த இடத்தைத்தான் இவள் கேட்டாள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போலச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் வந்தது. ரகரம் மட்டும் வரவில்லை. ரவும் துணைக்காலும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. மரம் என்று எழுதினால் மாம் என்பாள். அச்சிலும் செல்போனிலும் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. ரவுக்கு அடியில் ஒரு சின்னச் சாய்வு இருந்தால் உண்டு. நமக்குப் பழகிப்போனதால் கண் தானாகத் தாண்டிவிடுகிறது.

அப்போது ஆசிரியர் பயிற்சி ஒன்றில், புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்றே வரைந்த எழுத்துரு ஒன்றைக் கொடுத்தார்கள். ரவுக்கு நன்றாக இழுத்து வால் வைத்திருந்தது. கால் நேராக, மொட்டையாக நின்றது. ணவும் னவும் சுழிகள் தனித்தனியாகத் தெரிய அகலமாக உட்கார்ந்திருந்தன. என் லேப்டாப்பில் ஏற்றினேன். ரைட் கிளிக், இன்ஸ்டால், அவ்வளவுதான். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "அடி, இவளுக்கு வாலு இருக்குடி!" என்று கத்தினாள். அன்றைக்கு அவள் ஒரு பக்கம் தடங்கலில்லாமல் படித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, அடுத்த பக்கத்தைக் காட்டு என்றாள்.

கோயில் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றினேன். பாட்டு வரிகள் அந்த எழுத்தில் வர ஆரம்பித்ததும் அக்கா வாயைத் திறந்து பாடினாள். அவளோடு சேர்ந்து இன்னும் சில பெண்கள் டிவியைப் பார்த்துப் பாடினார்கள். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "என்னம்மா இது, கோயில்ல ஒண்ணாங்கிளாஸ் நடத்துறியா? வெளியூர்க்காரங்க பாத்தா நம்ம பங்கையே தற்குறிப் பங்குன்னு நெனப்பாங்க" என்றார். பங்குச் சாமியார் குறுக்கே வந்து, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் அதோடு விட்டதாகத்தான் நான் நினைத்தேன்.

அக்கா பெண் பெரம்பலூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனை விரும்பினாள். அவர்களும் வேதக்காரர்கள்தான், அதனால் பெரிய ரகளை இல்லை. ஆனால் பையனின் அம்மா மனசாரச் சம்மதிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, "எம் மவன் சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும். பொண்ணு வளந்த வெதம்தான்" என்று காபி டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னாள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அந்தம்மாள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள் என்பதையும் அன்றைக்கே அவள் வாயால் கேட்டுக்கொண்டோம்.

மன்றாட்டை அக்காவே சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'இன்று கை பிடித்த இந்தப் பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும் என்று' என்று ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் ஒரு வார்த்தையை அடித்தார்.

"கை பிடிச்சன்னா எழுதுவாங்க? கரம் பிடித்தன்னு போடு. சபையில வாசிக்கிறது."

"அக்காவுக்குக் கைன்னா சுலபமா இருக்கும் சார்."

"சுலபமா இருக்கணும்னா வாசிக்காம இருக்கறது அதவிடச் சுலபம்."

அக்கா அதையும் ஏற்றுக்கொண்டாள். கரம், கரம் என்று முந்திரிக் கம்பெனியிலிருந்து வந்து வந்து வாசித்துப் பார்த்தாள். மனப்பாடம் செய்துவிடு, எதற்கும் இருக்கட்டும் என்றேன். கோபம் வந்துவிட்டது. "ஒப்பிக்கறதுக்கா படிச்சேன்? கிளியும்தான் ஒப்பிக்கும்." பேப்பரையாவது கையில் வைத்துக்கொள் என்றால் அதற்கும் தலைமையாசிரியர் வழி விடவில்லை. வீடியோவில் கசங்கின காகிதம் அசிங்கமாக விழும், டிவியைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று பாட்டுக்குழு, சாதா எழுத்தில் இருந்த தங்களுடைய பழைய பாட்டு ஃபைலையே கொண்டுவந்திருந்தது. அதனால் பிரசங்கம் முடிகிறவரை டிவியில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மன்றாட்டு வந்தது. அக்கா பட்டுப்புடவையில், கறுத்த விரல்களைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். நான் அடுத்த பக்கத்தைத் தட்டினேன்.

எழுத்து மாறியிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற அந்தச் சாதா எழுத்து, சிறுத்துப்போய், வரிகள் வேறு இடத்தில் உடைந்து நின்றன. கம்ப்யூட்டர் திரையின் மேலே இருக்கிற பெட்டியில் என் எழுத்துருவின் பெயர் அப்படியே இருந்தது. எழுத்துரு மட்டும் இல்லை. யாரோ அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்திருந்தார்கள். பெரிதாக்கலாம் என்று மௌஸைத் தேடுவதற்குள் அக்கா வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்று..." என்றாள். நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கினாள். பழகின வார்த்தைதானே, நினைவிலிருந்து சொல்லிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். எழுத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாகப் படித்தவள் அவள். கண்முன்னால் என்ன தெரிந்ததோ அதைத்தான் வாசித்தாள். "காம்..." என்றாள். அப்படி ஒரு வார்த்தை இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். பதறிப்போய்த் தனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றாக்கிச் சேர்த்து வாசித்தாள்.

"இன்று காமம் பிடித்த இந்தப் பிள்ளைகள் இருவரும்..."

மைக் நன்றாக வேலை செய்தது. பின்வரிசையில் பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான். பாட்டுக்குழுப் பெண்கள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். சாமியார் அவசரமாக அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். அக்கா இன்னும் மைக் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். என்ன வாசித்தோம் என்று அவளுக்கு அதுவரை புரியவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த மகளின் முகத்தைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

சாப்பாட்டுப் பந்தலில் சம்மந்தியம்மாள் எங்களை மறித்தாள்.

"காதல் கல்யாணம்னா அவ்ளோ எளக்காரமா உங்களுக்கு? வேணும்னே எழுதிவச்சு சபையில படிப்பீங்களா? எங்க வூட்டுப் புள்ளைக்குக் காமம் புடிச்சிருக்கா?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பெண் மாலையோடு பக்கத்தில் நின்றாள். நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். எழுத்துரு, கம்ப்யூட்டர், ரகரம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை என்பது அக்காவுக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்தது. படிக்கத் தெரிந்தவள் அப்படி வாசித்தால் அது திமிர். தெரியாதவள் வாசித்தால் அது வெறும் பிழை. அவள் என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு எழுத்தே தெரியாதுங்க. யாரோ சொல்லிக் குடுத்தத மறந்துபோய் ஒளறிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

மகள் உடனே, "ஆமா அத்த, எங்கம்மாவுக்குப் படிப்பே வராது" என்றாள். அம்மா படிப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா அனுப்பின வாட்ஸ்அப் செய்திகள் அவள் போனில் இருந்தன. சம்மந்தியம்மாளின் முகம் இளகியது. அந்த இளகலில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அட பாவமே, தற்குறியா? முன்னயே சொல்றதுக்கென்ன" என்று அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் தலைமையாசிரியரைத் தேடிப் போனேன். அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எழுத்த அழிச்சது யாரு சார்?"

"நான்தான். கண்டதையும் ஏத்தி வச்சிருந்தே. கல்யாணம், வீடியோ எடுக்கறாங்க, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு காலையில எடுத்துட்டேன்."

"அது அக்கா படிக்கறதுக்காக வச்சது. உங்களுக்குத் தெரியும்."

"ஏம்மா, படிக்கத் தெரிஞ்சவளுக்கு எந்த எழுத்துல போட்டாலும் படிக்கத் தெரியணும். ஒரே எழுத்துலதான் வரும்னா அதுக்குப் பேரு படிப்பா?"

"கைன்னு இருந்தத கரம்னு மாத்துனது யாரு சார்?"

"நல்ல தமிழ் சொல்லிக் குடுத்தது என் தப்பா?"

பாயச டம்ளரைத் தட்டிவிட்டேன். அவர் வேட்டியெல்லாம் சேமியா. ஊரில் அதற்குத்தான் பஞ்சாயத்து வைத்தார்கள். வயதில் பெரியவரை அவமானப்படுத்திவிட்டேனாம். கோயில் கம்ப்யூட்டர் பக்கம் இனிமேல் வரக்கூடாது என்றார்கள். நான் மன்னிப்பு கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கமாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பைத் திற என்றாள். திறந்தேன்.

"அந்த எழுத்த எடுத்துடு."

"எதுக்குக்கா? நீ பாட்டுக்கு இங்க வந்து படி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எம் பொண்ணு போன் பண்ணா. 'அங்க வந்தா பேப்பர் கீப்பர கையில எடுக்காதம்மா, அத்த பாத்தா பொய் சொன்னோம்னு ஆயிடும்'ங்கறா. இங்க படிச்சிட்டு அங்க போய்க் கண்ண மூடிக்க எனக்குத் தெரியாதுடி. எடுத்துடு."

அழிக்கப் போனேன். எழுத்துரு உபயோகத்தில் இருக்கிறது, நீக்க முடியாது என்று திரையில் வந்தது. அவள் படித்துப் பழகின ஃபைல் பின்னால் திறந்து கிடந்தது. அதை மூடிவிட்டு மறுபடியும் டெலிட் கொடுத்தேன். அக்கா எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பெரம்பலூருக்குப் பார்க்கப் போனோம். சம்மந்தியம்மாள் இப்போது அக்காவிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறாள். மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் அவளே வாசித்துச் சொல்கிறாள். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். நாங்கள் திரும்பும்போது சம்மந்தியம்மாள் வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தாள். "பாத்து ஏறுங்க, கேட்டு ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஸ் வந்து நின்றது. நெற்றியில் அரியலூர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பிறகு படிக்கட்டில் நின்ற கண்டக்டரிடம் போய்க் கேட்டாள்.

"இது எங்கப்பா போவுது?"

"போர்டுல போட்டிருக்குல்ல, கண்ணு தெரியாதாம்மா?"

அக்கா சம்மந்தியம்மாள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"படிக்கத் தெரியாதுப்பா."