பொதுக்கிணறும் வக்கீலின் கட்டுரையும்

அரியலூர் வக்கீல் ஐயா, நீங்கள் எழுதியதை நீங்களே நம்பவில்லை.

நாற்பதுகளில் செந்துறைப் பக்கத்து எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் எங்கள் சாதியார் கயிறு போடக் கூடாது. குடத்தோடு தள்ளி நிற்போம். மேல்சாதிப் பெண்கள் யாராவது மனம் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அந்தக் கிணற்றில் எங்களுக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்று பத்திரிகையில் எழுதினீர்கள். அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் அவளே கயிறு போட்டாள். குடத்தை உடைத்து, அவளையும் அடித்தார்கள்.

கேஸ் போடச் சொல்லி உங்கள் வாசலில் வந்து நின்றோம்.

"சட்டத்துல இருக்கறத எழுதினேன். போயி எறைன்னு ஒன் பொண்டாட்டிகிட்ட நானா சொன்னேன்?" என்றீர்கள்.

"அப்ப எழுதுன கையால நீங்களே வந்து ஒரு கொடம் எறைச்சுக் குடுங்க சாமி" என்றாள் அவள்.

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். அந்தக் கோடை முழுவதும் அவள் வற்றிய ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு வந்தாள்.

இப்போது அந்தக் கட்டுரையையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் கேஸை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.