சிங்கட்டில் ஐந்து நிமிடம்

பத்து வயதில் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தது அப்பா செய்த பெரிய தவறு என்று அம்மா அடிக்கடி சொல்வாள். எண்கள் மினுங்கும் கறுப்புக் கடிகாரம். அது என் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாகக் காபி குடித்ததில்லை.

அப்போது புனேயில், வானவடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ அலுவலகம் ஒன்றில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா விடுமுறைக்கு அப்பாவின் தங்கை, கோபிசெட்டிபாளையத்தில் டீச்சராக இருந்த என் அத்தை, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அப்பா என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு நாள்ல அத்தைக்கு என்னென்ன காட்டலாம்னு நீயே ஒரு பிளான் போடு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை லட்சுமி ரோட்டில் சேலை. அதற்கு இருபது நிமிடம். துளசி பாக்கில் வளையல், பத்து நிமிடம். மதியம் பெரிய தட்டில் கிண்ணம் கிண்ணமாக வைக்கும் தாலி சாப்பாடு. சாயந்திரம் கேம்ப் கடைத்தெருவில் வேடிக்கை, மேலே ஐஸ்க்ரீம் மிதக்கும் மஸ்தானி. ஞாயிற்றுக்கிழமை காரில் கடக்வாஸ்லா அணை, சிங்கட் மலைக்கோட்டை, திரும்பும்போது சாரஸ்பாக்கில் பேல்பூரி. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கமும் எழுதி, எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து, சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

கார் எங்களுடையதல்ல. அப்பாவின் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பொள்ளாச்சிக்காரருடையது. எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர்களில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் எனக்கு அவர் கார் மாமா. அவர் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அத்தைக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு விஷயமும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை என் பிளான் சேலைக்கடையிலேயே தடுமாறியது. அத்தை சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்றை அவள் தோளில் போட்டாள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க அண்ணி?" என்றாள் அத்தை. "இந்த வயசுலதான்" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. அப்பாவுக்கு ஆபீஸ் வேலை வந்தது. "நீ அத்தைகூடப் போயிட்டு வா. அங்க போய் ஓடி விளையாடு. பெரியவங்களைத் தொந்தரவு பண்ணாதே" என்று அம்மா மூன்று தடவை சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். தாமதம் செய்கிற இரண்டு பேரும் வரவில்லை!

வழி சொல்ல வேண்டும் என்று நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அத்தை பின்னால் உட்கார்ந்தாள். கார் மாமா உள்ளே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். "பின்னாடி வண்டியே வரலையே மாமா, எதுக்குத் திருப்பறீங்க?" என்று கேட்டேன். அவர் உடனே பழையபடி திருப்பிவிட்டார்.

மழை விட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. அணை நிறையத் தண்ணீர், மலையெல்லாம் பச்சை. அணைக்கரையில் கார் மாமா சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தார். அத்தையிடம், "உங்க ஸ்கூல்ல எத்தனை கிளாஸ் எடுக்கறீங்க?" என்று ஆரம்பித்தார். அவள் பதில் சொல்வதற்குள், "பதினஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றேன். அத்தை பாதிச் சோளத்தோடு எழுந்துவிட்டாள். டீச்சரல்லவா, நேரம் சொன்னால் எழுந்துகொள்கிற பழக்கம்.

சிங்கட்டில் ஓலைக் குடிசை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து பாக்ரி ரொட்டியும் கடலைமாவில் கிளறிய பிட்லாவும் சாப்பிட்டோம். சட்டியில் உறைந்த தயிர் கொடுத்தார்கள். சாப்பிட்டதும் அவர்கள் இருவரும் பாறை ஒன்றில், நடுவில் இன்னொரு ஆள் உட்காரும்படி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் கோட்டைச் சுவர் வரை ஓடித் திரும்பினேன். அத்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சிரிப்பதைப் போல இல்லை, வாயை மூடாமல் சிரித்தாள்.

"நானு உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேனுங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"அத்தை, நாலு நாப்பது" என்றேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணு."

"அஞ்சு நிமிஷம் கிடையாது. சாரஸ்பாக் போக முடியாது. நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிருவீங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட பிளான். சத்தமாகவே அழுதேன். பக்கத்துக் குடிசைக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

அத்தை அவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"போலாங்க. கொழந்தை அழுகுது" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அவர்.

பேல்பூரி நேரத்துக்குக் கிடைத்தது. நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அம்மா இதையெல்லாம் சொன்னாள். கல்யாணம் ஆகாத பெண்ணை ஓர் ஆணோடு தனியாக அனுப்ப முடியாதென்று என்னைக் கூட அனுப்பிவிட்டு, அவர்கள் பேசட்டும் என்றே அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருந்துவிட்டார்களாம். மறுநாள் கார் மாமா அப்பாவிடம், "அவங்களுக்கு இஷ்டமில்லை போலிருக்குதுங்க. நான் பேச்செடுக்கறப்பெல்லாம் எந்திரிச்சுக்கிட்டாங்க" என்றாராம். அப்பா எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. கேட்க நினைக்கிறவர் திரும்பி வரும்போது காரிலாவது கேட்டிருக்க மாட்டாரா என்பது அத்தையின் எண்ணம். முன்சீட்டில் நான் உட்கார்ந்திருந்ததை இரண்டு பேருமே சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போனார். அத்தை அதன் பிறகு யாரையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று, கோபியில் தனியாக இருக்கிறாள். போகும்போதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில் எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "வர்றேனுங்க" என்றாள் அத்தை. "சரிங்க" என்றார். மாடிக்கு வந்து பால்கனியிலிருந்து பார்த்தால் கார் அங்கேயே நிற்கிறது. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கார் மாமா வண்டி ஸ்டார்ட் ஆகலை. வாங்க, தள்ளிவிடலாம்" என்று உள்ளே ஓடினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். முகம் கழுவிக்கொண்டிருந்த அத்தை குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். ஒருவரும் அசையவில்லை.

நான் மட்டும் படியிறங்கி ஓடினேன். காரின் பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தள்ளினேன். வண்டி உடனே கிளம்பிப் போய்விட்டது. நான்தான் கிளப்பிவிட்டேன் என்று மேலே வந்து எல்லோரிடமும் சொன்னேன்.