ஆபீசருக்குக் கிளறிய கேசரி

ஏலாக்குறிச்சியில் கோயில் பஸ் ஸ்டாப்பை ஒட்டி எங்கள் டிபன் கடை. நானும் வீட்டுக்காரரும்தான் முதலாளி, நாங்களேதான் வேலையாள். கேசரிக்கு நான் கலர் பொடி போடுவதில்லை. நேர்ந்துகொண்டு கைப்பிள்ளைகளோடு வருகிற சனம் சாப்பிடுவது. கேசரிக்குச் சோகையா என்று கேலி செய்தவர்களும் இரண்டாவது தட்டு கேட்டிருக்கிறார்கள்.

அந்த வருஷம் திருவிழாவில் கடை போட வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு ஆபீசின் சான்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வருஷம் ஓடுவதே அந்தத் திருவிழாக் கடையால்தான். மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஒருநாள் காலை முக்குக் கடைக்காரர் போன் செய்தார். ஆபீசரம்மா வந்துவிட்டாராம், கடை கடையாகச் சாம்பிள் எடுக்கிறாராம். வீட்டுக்காரரோ, பெண் பார்க்க வருகிறவர்களுக்கே பளிச்சென்று கேசரி வைக்கிறோம், ஆபீசருக்கு இந்த வெளுத்ததையா வைப்பது என்று பிடித்துக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாம்பிள் என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தோம். பக்கத்து ஸ்வீட் கடையில் பொடி வாங்கி, தனி வாணலியில் நெய்யும் முந்திரியுமாகக் கிளறினேன். பொடி கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது.

ஆபீசரம்மா தண்ணீர், எண்ணெய், என் நகம் வரைக்கும் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. பெருமையோடு கேசரியை நீட்டினேன். அவர் வாயில் வைக்கவே இல்லை. மொத்தத்தையும் வாங்கி பாட்டில்களில் அடைத்து, லேபுக்குப் போகும் என்றார். அத்தனை கலர் லேபில் தேறாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் திருவிழாக் கடை போச்சு. திறந்தால் யார் நம்புவார்கள்? சீல் வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"மேடம், அது நான் விக்கிற கேசரி இல்லீங்க."

இப்படிச் சொல்லாத கடைக்காரரே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப யாருக்குச் செஞ்சீங்க?"

"உங்களுக்குத்தாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தட்டுகளைப் பார்த்தார். எல்லாத் தட்டிலும் வெளுத்த கேசரி. பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாக் கடையிலயும் எங்களுக்கு நல்லத எடுத்து வச்சிட்டு, சனத்துக்கு மத்தத கொடுப்பாங்க. நீங்கதாம்மா மாத்திப் பண்ணிருக்கீங்க."

கலர் கேசரியைக் கொட்டச் சொன்னார். அத்தனை முந்திரி, மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொட்டினேன். பெரிய பாத்திரத்திலிருந்து வேறு சாம்பிள் எடுத்துக்கொண்டு, என்னை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனார். நான் வீட்டுக்காரரைத் திட்டியது அதைவிட நீளம்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது, திருவிழாவில் கடையும் போட்டோம். இரண்டாம் நாள் ஆபீசரம்மா தன் பிள்ளைகளோடு வந்து நின்றார். வீட்டுக்காரர் புதுத் தட்டைத் தேடி ஓடினார். அவரைத் தடுத்து, சனத்தோடு சனமாக அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, அந்த வெளுத்த கேசரியையே வைத்தேன். முதலில் தன் சின்னப் பிள்ளைக்குத்தான் ஊட்டினார்.